சட்டை போட்ட முயலா, சும்மா முயலா?

குழந்தைகளுக்கு விலங்குக் கதை எழுதி வரைய உட்கார்ந்தால், முதல் வரிக்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும்: இந்த முயலுக்குச் சட்டை மாட்டலாமா, வேண்டாமா?

மாட்டினால் வேலை சுலபம். முயல் பள்ளிக்கூடம் போகும், கோபத்தில் கதவைச் சாத்தும், பொம்மைக்காகத் தம்பியோடு மல்லுக்கு நிற்கும். எல்லாம் குழந்தைக்குத் தெரிந்த உலகம். ஆனால் அந்த நீளக் காதுகளை அழித்துவிட்டால் மிஞ்சுவது பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். அப்புறம் முயல் எதற்கு?

சட்டை இல்லாத விலங்கிடம் கதைச் சிக்கல் உடம்பிலிருந்தே வர வேண்டும். ஓர் ஆமையை எடுத்துக்கொள்வோம். ஆபத்து என்றால் அது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அதன் இயல்பு. எதிரே நண்பன் மாட்டிக்கொண்டு கத்துகிறான். இப்போது தலையை நீட்டுமா? 'தைரியம்' என்ற சொல்லையே எழுத வேண்டியதில்லை.

ஆங்கிலக் குழந்தை எழுத்தாளரும் ஓவியருமான பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902-இல் வெளியான பீட்டர் முயல் கதையில் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டார். பீட்டரின் நீலச் சட்டையின் பெரிய பொத்தான்கள் வலையில் சிக்கிக்கொள்கின்றன. சட்டையை உதறிவிட்டுத்தான் தப்பிக்கிறது. அதற்கு முன்பே செருப்புகளைத் தொலைத்து, நாலு காலில் இன்னும் வேகமாக ஓடுகிறது. உயிர் பிழைக்க வைப்பது அதற்குள் இருந்த முயல்தான்.

வரையும்போது வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பவை. அதை மறந்து கண்களை முன்னால் இழுத்து, புருவம் போட்டு, வாயை வளைத்தால் சிரிப்பும் அழுகையும் உடனே வந்துவிடும். சட்டை முயலுக்கு அது பொருந்தும். சும்மா முயலுக்குப் புருவம் கிடையாது. காதும் முதுகும்தான் பேச வேண்டும். காது நிமிர்ந்தால் கவனம், முதுகோடு ஒட்டினால் பயம், ஒன்று மட்டும் பின்னால் திரும்பினால் சந்தேகம். முகத்தைத் தொடாமல், காதை மட்டும் மாற்றி ஒரே முயலை ஆறு முறை வரைந்து பாருங்கள், புரியும். நீர்வண்ணமா டேப்லெட்டா என்ற சண்டை எனக்குப் பெரிதாகப் படவில்லை. எது கைக்குப் பழக்கமோ அது.

சரி, நற்பண்பைச் சொல்லித்தர எது மேல்? டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னைக் கொஞ்சம் உலுக்கியது. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாக வாசித்துக் காட்டினார்கள்: மனிதர் போல நடக்கும் விலங்குகளோடு ஒன்று, மனிதப் பாத்திரங்களோடு ஒன்று. பிறகு தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தது மனிதக் கதை கேட்டவர்கள்தான். ஓர் ஆய்வை வைத்து எல்லாம் முடிவாகிவிடாது. ஆனாலும் பகிர்தல், பல் துலக்குதல் போன்ற அன்றாடப் பழக்கத்துக்குச் சட்டை முயலை வரைவதைவிட நேராகக் குழந்தையையே வரைந்துவிடலாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பயம், பொறாமை, இழப்பு என்று நேருக்கு நேர் பேச முடியாதவற்றுக்குச் சட்டை இல்லாத விலங்கு. சற்றுத் தள்ளி நின்று பார்க்கிற வசதி குழந்தைக்குக் கிடைக்கும்.

முடிவில் தண்டிப்பதா, பாராட்டுவதா என்பதும் இதே போன்ற இழுபறி. 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில், 'ஓநாய் வருது' என்று பொய் சொன்ன சிறுவனின் கதை குழந்தைகளை உண்மை பேச வைக்கவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கதை வைத்தது. (அந்தக் கதையே கட்டுக்கதை என்பது வேறு வேடிக்கை!) அதனால் நரியைக் கிணற்றில் தள்ளிவிட்டு நீதி எழுதும் ஆசையை நான் அடக்கிக்கொள்கிறேன்.

நீதி வரியைத் தனியாகக் கடைசியில் அச்சிடுவதைவிடப் பக்கத் திருப்பத்தில், அதாவது பக்கத்தைப் புரட்டும் இடத்தில், வைப்பது நல்லது. படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான்; திருப்பங்கள் குறைவு, ஒன்றையும் வீணாக்கக் கூடாது. வலப்பக்கத்தில் ஆமை ஓட்டுக்குள், இருட்டில் இரண்டு கண்கள் மட்டும். எழுத்தே வேண்டாம். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போவது குழந்தையின் விரல்.