தோள்வலிக்கு ‘பத்து சிட்டிங் பேக்கேஜ்’ கட்டுவதற்கு முன்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் தோள்வலிக்கு பிசியோதெரபி தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கிளினிக் பெயரைப் போடப் போவதில்லை. ஏமாந்தது எங்கே என்பதைவிட எப்படி என்பதுதான் உங்களுக்கு உதவும்.

அம்மாவுக்கு 57 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. அடிபம்பில் தண்ணி அடிக்கும்போது வலது தோளில் பிடித்துக்கொண்டது என்றாள். சுளுக்கு என்று தைலம் தேய்த்தோம். இரண்டு மாதத்தில் தலை பின்ன முடியவில்லை, புடவையைப் பின்பக்கம் செருகக் கை போகவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவே முடியவில்லை.

பக்கத்துத் தெருவில் மாடியில் ஒரு கிளினிக். உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் “பெரி ஆர்த்ரைட்டிஸ்தான், பத்து சிட்டிங்ல சரியாயிடும்” என்று சொல்லிவிட்டார்கள். 4,500 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 4,000. கட்டினேன். ரசீது கிடையாது, டிக் போட ஒரு மஞ்சள் அட்டை மட்டும். சர்க்கரை இருக்கா என்று கேட்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து ஒரு பையன் வருவான், தோளில் நாலு பட்டையை வைத்து கரண்ட் மிஷினை ஆன் செய்துவிட்டு வாசலில் போய் போன் பார்ப்பான். நாலாம் நாள் பட்டைக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்சைச் சரியாக நனைக்கவில்லை போலிருக்கிறது. சுள்ளென்று இழுக்கிறது என்று அம்மா கூப்பிட்டும் ஆள் வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்திருந்தது.

ஏழாம் நாள் நடந்ததுதான் மோசம். “ஜாயின்ட் ஒட்டிக்கிச்சும்மா, உடைச்சாதான் விடும், பல்லைக் கடிச்சிக்கோங்க” என்று கையைப் பிடித்து மேலே இழுத்திருக்கிறான். அம்மா போட்ட சத்தம் கீழே வண்டி நிறுத்திக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. அன்று ராத்திரி முழுக்க மடியில் தலையணை வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அப்புறம் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசையில் பாதி நாள் போனது உண்மைதான். ஆனால் அங்கே பார்த்த பிசியோதெரபிஸ்ட் முதலில் மிஷின் பக்கமே போகவில்லை. கழுத்தைத் திருப்பச் சொன்னார், கழுத்து நரம்பு அழுந்தினாலும் வலி தோளுக்கு இறங்குமாம். பிறகு அம்மாவையே கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அடுத்து ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அழுத்திக்கொண்டு, மறு கையால் அவரே மெதுவாகத் தூக்கினார். அதே இடத்தில் நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். கதவு துருப்பிடித்த மாதிரி கொஞ்சம்கூட அசையவில்லை.

“தசைநார் கிழிஞ்சிருந்தா இவங்களால தூக்க முடியாது, ஆனா நான் தூக்கினா பெரும்பாலும் மேல போயிடும். இங்க ரெண்டுமே ஒரே இடத்துல நிக்குது பாருங்க” என்றார். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிப்போவதுதான் ஃப்ரோசன் ஷோல்டர் (கிளினிக்கில் ‘பெரி ஆர்த்ரைட்டிஸ்’ என்று சொன்னதும் இதைத்தான்), சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். மூட்டுத் தேய்மானம் இல்லை என்று உறுதி செய்ய ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது முரட்டுத்தனமாக இழுத்தால் இன்னும் மோசமாகும், முழுசாக விட ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம் என்றார்கள். பத்து சிட்டிங் கணக்கு எங்கிருந்து வந்ததோ! தோளில் ஸ்டீராய்டு ஊசி போடலாம், ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும், அதனால் முதலில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டர்.

இப்போது வீட்டிலேயே குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி ஆட்டுவது, விரலால் சுவர் ஏறுவது. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிறோம். ஆறு வாரத்தில் கோடு நாலு விரல்கடை ஏறியிருக்கிறது.

மீதி மூன்று சிட்டிங் பணத்தைக் கேட்கப் போனேன். “பேக்கேஜ்ல ரீஃபண்ட் கிடையாது மேடம், வேணும்னா வீட்ல வேற யாராவது வந்து யூஸ் பண்ணிக்கலாம்” என்றார்கள். என்ன வலி என்று அப்போதும் கேட்கவில்லை.