காது கேட்க வைப்பதாகச் சொல்லிக் கழுத்தைத் திருகுகிறார்கள்: பணம் கட்டிவிடாதீர்கள்

ஆத்திரம் அடங்கவில்லை, அடங்கும்வரை காத்திருக்கவும் மனமில்லை. முதுகெலும்பைச் சீராக்குவதாகச் சொல்லும் ஒரு கைரோபிராக்டிக் மையம் என் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்கச் சேர்த்துவைத்த பணம் அது. எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் எழுதுகிறேன்.

கழுத்து வலிக்காகத்தான் போனோம். அங்கிருந்தவர் எக்ஸ்ரே படத்தில் சிவப்புக் கோடுகள் போட்டார். மேல் கழுத்தில் ஒரு முள்ளெலும்பு விலகி, காதுக்குப் போகும் நரம்பை நசுக்குகிறது, அம்மாவின் காது மந்தத்துக்கு அதுதான் காரணம் என்றார். சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் நேரே ஓர் உறுப்பும் அதற்கு வரும் நோய்களும்!

மற்ற இடங்களில் எல்லோரும் என்னிடம்தான் பேசுவார்கள். இவர் அம்மாவின் எதிரே உட்கார்ந்து, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அம்மா, இந்த வைத்தியம் பிறந்ததே காது கேளாத ஒருவருக்காகத்தான்" என்று கதையைத் தொடங்கினார். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தினாராம், காது கேட்டதாம். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அடுத்து கழுத்தைத் திருப்பி ஒரு சொடுக்கு. "ஏதோ தெளிவாகக் கேட்கிற மாதிரி இருக்கிறது" என்றார் அம்மா. அந்த நிமிடத்தில்தான் இரண்டு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டினேன்.

கேட்கவில்லை. நாள் போகப் போகக் கழுத்து வலி கூடியது, தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. சொன்னால், "உடம்பு புதிய நிலைக்குப் பழகுகிறது" என்றார். மறுமுறை, "பாதியில் நிறுத்தினால் எலும்பு மறுபடி விலகிவிடும்". அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே முடியவில்லை. வரவேற்பில் இருந்த பெண், மேலாளர் பேசுவார் என்றார். மேலாளர், ரசீதின் பின்புறத்தைப் படிக்கச் சொன்னார். எறும்பு அளவு எழுத்தில், கட்டிய தொகை திரும்பத் தரப்படாது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்கும் திறனைச் சோதித்தார். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் வயதால் அழிந்திருக்கின்றன. மனிதருக்கு அவை மறுபடி வளர்வதில்லை. பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது: கேட்கும் நரம்பு உள்காதிலிருந்து மண்டையோட்டு எலும்பின் வழியாக நேராக மூளைத்தண்டுக்குப் போகிறது. கழுத்து முள்ளெலும்புகளுக்கு நடுவே அது வருவதே இல்லை. வராத நரம்பை எந்த எலும்பு நசுக்கும்?

அவர் கதையில் வந்த பால்மர், இந்த வைத்தியத்தைத் தொடங்குவதற்கு முன் காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். நோய்களில் 95 விழுக்காடு முள்ளெலும்பு விலகலால் வருகிறது என்று எழுதியவர். இந்த விலகலைத்தான் 'சப்லக்சேஷன்' என்கிறார்கள். அது நோயை உண்டாக்குகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று பிரிட்டனில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலே 2010இல் சொல்லிவிட்டது. அந்தச் சொடுக்குச் சத்தமும் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல. மூட்டுத் திரவத்தில் வாயு வெளிப்படும் ஓசை. இடுப்பு வலிக்கு இந்த முறையால் சிலருக்கு ஓரளவு நிவாரணம் கிடைப்பது உண்மைதான், மறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு காது, வயிறு, ஆஸ்துமா என்று கடை விரிப்பது பச்சை மோசடி.

இரண்டு மாதச் சம்பளம்! அம்மா இப்போதும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் உட்காருகிறார்.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். உள்ளுறுப்பு நோய் எலும்பு விலகலால் வந்தது என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வயதானவர்களின் கழுத்தைத் திருக விடாதீர்கள்; கழுத்து வழியாக மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. திருகிய பிறகு தலைசுற்றலோ, பேச்சுக் குழறலோ, பார்வை இரண்டாகத் தெரிவதோ இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அந்த மையத்துக்குத் தொலைபேசி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்படிக் கட்டிய பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருந்தால், எந்த வழியில் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.