குவில்ட்டுக்குப் பட்டை வெட்ட: கத்தரிக்கோலா, ரோட்டரி கட்டரா, கிழிப்பதா?

நீளப் பட்டைகளை அடுத்தடுத்து இணைத்துத் தைக்கும் குவில்ட்டுக்கு (அடுக்குத் துணிப் போர்வைக்கு), மூன்று வழிகளிலும் பருத்தித் துணியை வெட்டிப் பார்த்தபின் நான் ரோட்டரி கட்டரையே, அதாவது கைப்பிடியில் உருளும் வட்டப் பிளேடையே, வைத்துக்கொண்டேன்.

கத்தரிக்கோல் எல்லா வீட்டிலும் உண்டு. வளைவுகளை வெட்ட அதுவே நல்லது. ஆனால் அதன் கீழ் அலகு துணிக்கு அடியில் நுழைந்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு வெட்டுக்கும் துணி மேசையை விட்டு எழும்புகிறது. மடித்த துணியாக இருந்தால் மேலதும் கீழதும் விலகிவிடுகின்றன. சட்டையில் இந்தப் பிசகு கண்ணில் படாது. குவில்ட்டில் 2 அங்குலப் பட்டைக்கு, இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு 2½ அங்குலம் வெட்டுகிறோம். ஒவ்வொன்றிலும் அரை நூல், அதாவது 1/16 அங்குலம், கூடினால் எட்டுப் பட்டைகள் சேரும்போது அரை அங்குலம் ஏறி, பக்கத்துக் கட்டத்தோடு முனைகள் சேராமல் போய்விடும்.

ரோட்டரி கட்டரில், வெட்டுவதற்காக அடியில் போடும் விரிப்பின் (மேட்) மேல் துணி படுத்தே கிடக்கிறது. 6-க்கு 24 அங்குல அக்ரிலிக் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, 45 மில்லிமீட்டர் பிளேடை அதன் விளிம்பை ஒட்டி நம்மை விட்டு விலகும் திசையில் உருட்டினால், சாக்கட்டியால் கோடு போடாமலே அளவு கிடைத்துவிடும். கவனம் தேவைப்படுவது மடிப்பில்தான்: ஸ்கேல் மடிப்புக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால், விரிக்கும்போது பட்டை நடுவில் முழங்கை போல வளைந்து நிற்கும். எனவே நாலைந்து பட்டைகளுக்கு ஒருமுறை ஸ்கேலின் குறுக்குக்கோட்டை மடிப்போடு பொருத்திப் பார்த்து, துணியின் ஓரத்தை மெல்லச் சீவிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பராமரிப்புச் செலவும் இதற்குத்தான் அதிகம். பிளேடு குண்டூசியின் மேல் ஏறினால் நெளிந்து, அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடைவெளியில் ஓரிரு இழைகளை வெட்டாமல் விட்டுச் செல்லும். அடியில் போடும் விரிப்பை வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

ஜவுளிக்கடையில் செய்வதுபோல் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டுக் கிழித்தால், துணி இழை போகும் வழியிலேயே நேராகப் பிரியும் என்பது உண்மை. ஆயினும் ஓரம் இழுபட்டு அலையலையாகிப் பிசிறு தொங்குவதால், கால் அங்குலத் தையலுக்கு அதை நம்ப முடியாது. குவில்ட்டின் அடித்துணிக்குப் போதும்.

வழுக்கும் பட்டில் நான் ரோட்டரி கட்டரை அதிகம் ஓட்டியதில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திக்கு மட்டுமே இதை இவ்வளவு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.