ஐந்தாவது எழுத்தைப் படிக்காமல் பழைய மஸ்டாங் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசையோடு இருக்கும் நம்மவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதை முழுவதும் படியுங்கள். சென்ற ஆண்டு மே மாதம், ஒஹையோ மாநிலத்தில் பழைய கார்களை மட்டும் விற்கும் ஒரு வியாபாரியிடம் 1967 ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை 27,500 டாலர் கொடுத்து வாங்கினேன். அவர் சொன்னவற்றில் கடைசியில் உண்மை என்று நின்றது, அது 1967இல் செய்யப்பட்ட வண்டி என்பது மட்டும்தான்.

இருபது ஆண்டுகளாக டெட்ராய்ட் புறநகரில் வசிக்கிறேன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை இங்கே உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் திரண்டு வரும். 1995இல் தொடங்கிய வழக்கம். ஃபெர்ண்டேலில் இருந்து பான்டியாக் வரை சாலையின் இரு பக்கமும் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். தேர் வரும் வீதியில் காத்திருக்கும் ஊர் ஜனங்களின் முகத்தில் இருக்கும் அதே மலர்ச்சி இவர்கள் முகத்திலும் இருக்கும். என் மகளை முதன்முதலில் தள்ளுவண்டியில் வைத்து அங்கே கூட்டிப் போனேன். இப்போது அவளுக்குப் பதினேழு வயது. ஓராண்டுகூட நாங்கள் தவறவிட்டதில்லை.

எங்களை அங்கே அழைத்துப் போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். டியர்பார்னில் உள்ள ஃபோர்டின் ரூஜ் ஆலையில், மஸ்டாங் செய்த பிரிவில் கதவு பொருத்தும் வேலை பார்த்தவர். 1957 செவர்லே பெல் ஏர் ஒன்று வந்து நின்றால் என் மகளிடம், “பெட்ரோல் எங்கே ஊற்றுவார்கள், சொல் பார்க்கலாம்” என்பார். அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடுவாள். இடப்பக்கத்து வால் துடுப்பின் பளபளக்கும் பட்டையை உரிமையாளர் மெல்லத் திறந்து காட்டுவார். மூடி அதற்குள் ஒளிந்திருக்கும். மஸ்டாங் வந்துவிட்டால் மட்டும் பெரியவர் பேச்சை நிறுத்திவிடுவார். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அந்தக் கார் அறிமுகமானபோது அவருக்குப் பத்தொன்பது வயது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 பேர் அதற்கு ஆர்டர் கொடுத்தார்கள் என்பார்கள். இவரும் இரண்டு வருடம் காசு சேர்த்து ஒன்று வாங்கினார். மூன்றாவது குழந்தை பிறந்ததும், இடம் போதாமல் விற்றார். அந்தக் கார் போன தெருமுனையை ஐம்பது வருடம் கழித்தும் கையால் காட்டுவார்.

முந்தைய ஆண்டு குளிர்காலத்தில் அவர் காலமானார். டியர்பார்னில் செய்த மஸ்டாங் ஒன்றை வாங்க வேண்டும், அவர் மனைவியை அதில் உட்கார வைத்து உட்வர்ட் சாலையில் ஒரு முறை ஓட்ட வேண்டும் என்று நினைத்தேன். இதை எதற்காக இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இதையெல்லாம் அந்த வியாபாரியிடமும் சொல்லிவிட்டேன். அங்கேதான் நான் அகப்பட்டேன்.

அவருடைய கூடத்தில் அறுபதுகளின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் பழைய பெட்ரோல் பம்ப், சுவரெல்லாம் தகர விளம்பரப் பலகைகள். என் கதையைக் கேட்டு முடித்ததும் அவரும் ஒரு கதை சொன்னார். அரிசோனாவில் ஒரு பாட்டி, ஒரே உரிமையாளர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டுமே எடுத்த வண்டி, ஓடியது மொத்தமே 62,000 மைல், ஆலையிலேயே பொருத்திய 289 கன அங்குல வி-8 என்ஜின், அதாவது எட்டு சிலிண்டர். பானெட்டைத் திறந்து காட்டினார். ஃபோர்டின் நீல வண்ணம் பூசிய என்ஜின், காற்று வடிகட்டியின் மூடியில் 289 என்ற ஒட்டுச்சீட்டு. கதவில் இருக்க வேண்டிய விவரத் தகட்டைக் கேட்டேன். பெயின்ட் அடித்தபோது தொலைந்துவிட்டது என்றார். அதையும் நம்பினேன்.

கொண்டுவந்த மூன்றாம் நாள் டெலிகிராஃப் சாலையில் சிக்னலுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய், வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பக்கத்து இருக்கையில் மகள். “பழைய கார் அப்படித்தான் இருக்கும் அப்பா” என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். அடுத்த வாரம் மழை பெய்தது. மறுநாள் காலை ஓட்டுநர் காலடியில் விரிப்பு ஊறிக் கிடந்தது.

வெய்ன் மாவட்டத்தில் பழைய ஃபோர்டு வண்டிகளையே நாற்பது வருடமாகப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். பிறகு மற்ற மூன்றையும் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். வெளியே தெரிந்த சக்கரத்துக்கு ஐந்து நட்டுகள். அதற்குள்ளே வண்டியின் சொந்த பிரேக் டிரம்மில் இருந்தவை நான்கு போல்ட்டுகள். நான்கை ஐந்தாகக் காட்ட நடுவில் ஒரு வளையத்தை வைத்து முடுக்கியிருந்தார்கள்.

இதற்கு என்ன பொருள் என்று அவர் விளக்கினார். அந்தக் காலத்து மஸ்டாங்கில் வி-8 வண்டிக்கு ஐந்து போல்ட், ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு. வித்தியாசம் அதோடு முடியவில்லை. ஆறு சிலிண்டருக்குக் கொடுத்தது 9 அங்குல பிரேக் டிரம். வி-8க்கு 10 அங்குலம். பின் ஆக்சிலும் ஆறு சிலிண்டருக்கு மெலிந்தது, வி-8க்குத் தடித்தது. 1967இல் 200 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின் 120 குதிரைத்திறன் கொடுத்தது. அதே ஆண்டின் சாதாரண 289 கொடுத்தது 200. அந்த வேகத்தை நிறுத்தத்தான் பெரிய பிரேக் வைத்தார்கள். என் வண்டியில் என்ஜினை மட்டும் பெரிதாக்கிவிட்டு பிரேக்கையும் ஆக்சிலையும் அப்படியே விட்டிருந்தார்கள். விலையில் ஏமாற்றியதைக்கூட ஒரு நாள் மறப்பேன். அந்தச் சின்ன பிரேக்கை நம்பி என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை எண்ணினால் இன்னும் கை நடுங்குகிறது.

என்ஜினும் 289 இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் அதன் பக்கத்தில், வார்ப்பிலேயே பதிந்த எண் தெரியும். ஃபோர்டின் எண்களில் முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கும்: அறுபதுகளுக்கு சி, எழுபதுகளுக்கு டி (D). எனக்குக் கிடைத்தது டியில் தொடங்கியது, 302 கன அங்குல என்ஜின். இரண்டும் வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அதற்குத்தான் அந்த ஒட்டுச்சீட்டு.

விரிப்பைத் தூக்கினோம். துருத் தின்ற தரையின் மேல் புதுத் தகரத்தை ரிவெட் அடித்து, ஓரத்தில் பசை பூசி, அடியில் கறுப்புத் தார்ப்பூச்சு தெளித்திருந்தார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அறுபது வயதுக் காரின் அடிப்பக்கம் மட்டும் புத்தம் புதுக் கறுப்பாக இருந்தால் அதைப் பார்த்து மகிழாதீர்கள். இந்தப் பக்கத்து மாநிலங்களில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்பு தின்ற தகரத்தைத்தான் பூச்சு மறைக்கிறது. மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சக்கரத்துக்கு மேல் வளைவிலும் கதவின் கீழ் ஓரத்திலும் அது ஒட்டவில்லை என்றால், உள்ளே இருப்பது பட்டி.

தண்ணீர் வந்த வழியையும் மெக்கானிக் காட்டினார். பானெட் முடிந்து முன்கண்ணாடி தொடங்கும் இடத்தில் காற்று நுழைவதற்கான துளைகள் இருக்கும். அவற்றின் அடியில் உள்ள தகரப் பெட்டியில் இலையும் குப்பையும் சேர்ந்து, ஈரம் காயாமல் துருப்பிடித்து ஓட்டை விழும். 1965 முதல் 1968 வரை வந்த மஸ்டாங்குகளுக்கு இது பிறவி நோய். வாங்கும் முன் அங்கே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, உள்ளே காலடியைப் பார்த்தால் போதும். ஊற்ற விடாத வியாபாரியிடம் வாங்க வேண்டாம்.

இனி நான் ஆறாமல் இருக்கும் இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு உண்மையும் முதல் நாளே என் கையில் இருந்தது. நான் கையெழுத்திட்ட உரிமைப் பத்திரத்தில் வண்டி எண் அச்சிட்டிருந்தது: 7எஃப்01டி (7F01T) என்று தொடங்கி அதன் பின் ஆறு இலக்கங்கள். 7 என்றால் 1967. எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை. 01 என்றால் இரண்டு கதவுக் கூப்பே. ஐந்தாவதாக வரும் எழுத்துதான் என்ஜின்: சி என்று இருந்தால் 289, டி (T) என்று இருந்தால் ஆறு சிலிண்டர். டியர்பார்னைக் குறிக்கும் எஃப்பைப் பார்த்துப் பூரித்துப் போனேன். மூன்று இடம் தள்ளி இருந்ததைப் படிக்கவில்லை. இதே எண் பானெட்டுக்குள் ஓட்டுநர் பக்கத்துத் தகட்டிலும் பொறித்திருக்கும். பத்திரத்தோடு அதை ஒப்பிட வேண்டும். 1967 முதல் வந்த ஃபோர்டு வண்டிகளுக்கு, ஆலைப் பதிவுகளை வைத்து மார்ட்டி என்ற நிறுவனம் சிறு கட்டணத்தில் அறிக்கை தருகிறது. பிறகு வாங்கிப் பார்த்தேன். ஆறு சிலிண்டர், மூன்று கியர், இளமஞ்சள் நிறம், விற்பனைக்கு அனுப்பிய இடம் ஒஹையோ. அரிசோனாவும் பொய், நான் பார்த்த சிவப்பும் பிறகு பூசியது.

மைல் கணக்கும் அப்படியே. அந்த ஓடோமீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கங்கள்தான். 99,999 தாண்டினால் மீண்டும் சுழியத்தில் தொடங்கும். இவ்வளவு பழைய வண்டிக்கு மைலை உறுதிப்படுத்த வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு இல்லை. 62,000 என்பது 1,62,000 ஆகவும் இருக்கலாம்.

ஆறு சிலிண்டர் வண்டியில் எந்தக் குறையும் இல்லை. 1967இல் நான்கு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் மஸ்டாங்குகள் செய்தார்கள். வேகம் தேடாமல், அழகான ஒரு கார் கைக்கெட்டிய விலையில் கிடைத்ததே என்று ஆறு சிலிண்டரை வாங்கியவர்கள் ஏராளம். எங்கள் பெரியவர் வாங்கி விற்றதும் ஆறு சிலிண்டர்தான். அந்த வியாபாரி உண்மையைச் சொல்லி, அதற்குரிய விலையைக் கேட்டிருந்தால், அதே வண்டியை இன்னும் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

தொலைபேசியில் கேட்டபோது, “உள்ளது உள்ளபடி” என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள் என்றார். வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். அந்த நிபந்தனை பழுதுகளுக்குப் பொருந்தும், விளம்பரத்தில் எழுதிய பொய்க்குக் கவசம் ஆகாது என்று அவர் சொன்னார். நல்ல வேளையாக விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன். வாய்ச்சொல்லாக வந்த பாட்டியும் தேவாலயமும் எங்கேயும் பதிவாகவில்லை. “ஆலை 289” என்பது எழுத்தில் இருந்தது. நீங்களும் வாங்கும் முன் விளம்பரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்து வையுங்கள், விற்றதும் எடுத்துவிடுவார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்தேன். அதன் பிறகு வியாபாரி 3,000 டாலர் தருவதாக எழுதினார், இதைப் பற்றி எங்கும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புகார் இன்னும் நடக்கிறது.

பிரேக், ஆக்சில், தரை எல்லாவற்றுக்கும் இதுவரை 9,000 டாலருக்கு மேல் ஆகிவிட்டது. பெரியவரின் மனைவியை இந்த ஆகஸ்டிலும் அழைத்துப் போக முடியவில்லை. வண்டி இன்னும் தாங்கிகளின் மேல் நிற்கிறது.

போன வாரம் அதே வியாபாரியின் புது விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். 1966 மஸ்டாங், விலை 31,900 டாலர். ஆலையிலேயே பொருத்திய 289 என்று எழுதியிருக்கிறார். இந்த முறை பாட்டி நியூ மெக்ஸிகோவைச் சேர்ந்தவர். கீழே சின்ன எழுத்தில் வண்டி எண் இருக்கிறது. 6எஃப்07டி என்று தொடங்குகிறது.