திருகோணமலைக் கடற்காற்றில் கோதிக் இடிபாடுகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிறு பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுகளுக்காக, கோதிக் (கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியத் தேவாலயப் பாணி) இடிபாடுகளின் மாதிரிகளைச் செய்து காட்டும் காணொளிகள் பெரும்பாலும் வர்ணம் காய்ந்த அன்றோடு முடிந்துவிடுகின்றன. கடற்கரையை அண்டிய வீடொன்றில் பல மாரிகளையும் வறண்ட கச்சான் காற்றுக் காலங்களையும் கடந்துவிட்ட என்னுடைய தொகுதியைப் பொறுத்தவரை, அதன் அழகைவிட அதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதே எழுதத் தக்கது.

இடிபாட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது சுவரல்ல, அது நிற்கும் அடித்தட்டே. இவ்வகைப் போர் விளையாட்டான வார்ஹாமர் 40,000இன் 2023ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்பில் இந்தத் தட்டின் முக்கியத்துவம் மேலும் கூடியது. அந்தப் பதிப்பின் விதிப்படி, சுவரில் எத்தனை சாளரங்கள் திறந்திருந்தாலும், இடிபாட்டின் எல்லையை ஊடுருவி அதற்கு அப்பால் நிற்பவரைச் சாதாரணப் படைவீரர் பார்க்க முடியாது என்பதால், அந்த எல்லையைக் காட்டும் விளிம்பு மேசையோடு படிந்து கிடக்க வேண்டும். மரநாரை அழுத்திச் செய்யும் 3 மி.மீ. எம்டிஎப் பலகை கச்சான் வீசும் மாதங்களில் ஒழுங்காகவே இருக்கும். வாடைக்காற்றோடு ஈரம் வந்ததும், ஒருபுறம் மட்டும் வர்ணம் பூசப்பட்ட தட்டு ஓரங்களைத் தூக்கிக்கொள்ளும். இருபுறமும், குறிப்பாக அறுத்த விளிம்பிலும், பூசினால் வளைவு குறையுமே தவிர முற்றாக நீங்காது. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டுத்துண்டுகளாகக் கிடைக்கும் பிவிசி போம் தட்டுக்கு ஈரம் ஒரு பொருட்டல்ல. அதன் வழுவழுப்பில் பைண்டர் கம் (வெள்ளைப் பசை) பிடிக்காது என்பதே அதிலுள்ள ஒரே தொல்லை. சாண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்த பின்னரே ஒட்ட வேண்டும். அவசரத்துக்குச் சூப்பர் குளூவை நாடினால், அது மேலே நிற்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) சுவரை அரித்துவிடும்.

சுவருக்கு எக்ஸ்பிஎஸ் எனும் அடர்த்தியான நுரைப் பலகை சிறந்தது. கல்வரிசைகளைப் பென்சிலால் அழுத்தியே கீறிவிடலாம். அது கிடைக்காதபோது மீன் அடைத்து வரும் ரெஜிபோம் பெட்டிகளே கைகொடுக்கின்றன. அவற்றை எத்தனை முறை கழுவினாலும் முதல் வாரம் அறைக்குள் சந்தை வாசம்தான் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பெட்டிப் போம் மணிமணியாக உதிரும் என்பதால் கூரிய வெட்டுகளுக்கு உகந்ததல்ல. ஆயினும், பைண்டர் கம்மும் கறுப்பு எமல்ஷனும் கலந்து இருமுறை பூசிய 20 மி.மீ. தடிப்புச் சுவர்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. இந்தப் பூச்சு இல்லாமல் ஸ்ப்ரே பெயின்டை அருகில் கொண்டுசெல்லவே கூடாது. அதிலுள்ள கரைப்பான் போமை உருக்கிக் குழிகளாக்கிவிடும்.

கோதிக் என்றதும் பலரும் சாளரங்களின் நுண்ணிய கற்சட்டங்களில்தான் உழைப்பைக் கொட்டுகிறார்கள். விளையாடும் கைகள் முதலில் உடைப்பதும் அவற்றைத்தான். மெய்யான இடிபாடுகள் வேறு விதமாகவே சிதைகின்றன. 1940 நவம்பர் 14ஆம் திகதி இரவுக் குண்டுவீச்சில் எரிந்த, இங்கிலாந்தின் கொவென்ட்ரி பேராலயத்தின் கூரை முழுவதும் அழிந்தது. வெளிச்சுவர்களும் கோபுரமும் நின்றன. கூரையின் தள்ளுவிசையைத் தாங்குவதற்காகவே வெளிப்புறம் முட்டுக்கொடுக்கும் தடித்த உதைசுவர்கள் எழுப்பப்பட்டன என்பதால், மாதிரியிலும் அவற்றை உயரமாக விட்டு, இடையிலுள்ள சுவரைச் சாளர வளைவின் உச்சிக்கருகே உடைத்துவிடுவதே பொருத்தம். வளைவை வரைவதற்குக் கவராயத்தை வாயிலின் அகலத்துக்கு விரித்து, இரு பக்கத் தொடக்கப் புள்ளிகளிலிருந்தும் ஒவ்வொரு வில்லை இழுத்தால் போதும், 40 மி.மீ. அகலத்துக்குக் கூர்முனை அந்தப் புள்ளிகளுக்கு மேல் ஏறத்தாழ 35 மி.மீ. உயரத்தில் அமையும். 32 மி.மீ. வட்ட அடித்தட்டில் நிற்கும் பொம்மை வீரர் தடையின்றி நுழைவதற்கும் அந்த அகலம் ஏற்றது. கற்சட்டம் வேண்டியே தீரும் என்பவர்களுக்குத் தென்னை ஈர்க்கைப் பரிந்துரைப்பேன். பிரிஸ்டல் போர்ட் அட்டையில் வெட்டிய சட்டங்கள் மாரியில் துவண்டுபோயின. ஈர்க்கோ விரல் பட்டால் வளைந்து மீள்கிறது.

தரைக்குத் தூவும் மணலில் எச்சரிக்கை தேவை. கழுவாத கடற்கரை மணலிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். வர்ணத்தின் மேல் வெண்படலமாகப் பூத்து, நாளடைவில் பசையையும் இளக்கிவிடும். மகாவலி ஆற்று மணலைச் சலித்துப் பயன்படுத்திய தட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. செங்கற் குவியல்களுக்கு உடைத்த பிளாஸ்டர் ஒவ் பரிஸ் துண்டுகள் நன்றாகவே பொருந்துகின்றன.

வர்ணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடுஞ்சாம்பல் அடி, உலர்ந்த தூரிகையால் மேலோட்டமாக இழுத்த வெளிர்சாம்பல், பள்ளங்களில் நீர்த்த கபிலம். ஐரோப்பியச் சுவர்களில் படரும் ஐவிக் கொடிக்குப் பதிலாக, நம்மூர்ப் பழைய சுவர்களைப் பிளக்கும் ஆல வேர்களைத் தேங்காய்த் தும்பில் செய்து ஒட்டியிருக்கிறேன். கோதிக் இலக்கணத்துக்கு அது புறம்பென்று நண்பர்கள் சொல்வார்கள்; எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

விளையாட்டு மேசையில் மூலை வடிவில் இரு சுவர்கள் மட்டும் கொண்ட துண்டுகளே அதிகம் பயன்படுகின்றன. நான்கு புறமும் சூழ்ந்த தேவாலயம் பார்வைக்குக் கம்பீரமானது. ஆனால், அதற்குள் கையை விட்டு வீரர்களை நகர்த்துவது பெரும்பாடு. மேற்தளங்களை 75 மி.மீ. உயரத்தில் ஒட்டாமல் செருகும்படி விட்டிருப்பதால், கீழே நிற்பவர்களை எடுக்கவும், மழைக்காலத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் தனித்தனியாக அடுக்கவும் முடிகிறது. ஒவ்வொரு மாரியிலும் ஓரிரு தளங்கள் உப்பித் தம் பொருத்துக்குள் இறுகிக்கொள்கின்றன. அவையெல்லாம் எம்டிஎப்பில் வெட்டப்பட்டவை. அவற்றையும் பிவிசி தட்டுக்கு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது.