இருப்பதா, கிளம்புவதா: ஃப்ரீமான்ட்டில் நாங்கள் பெற்ற ஒரு நிதி ஆலோசனை

கலிஃபோர்னியாவை விட்டுக் கிளம்புவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. மின்கட்டணம் அதிகமாக வரும் மாதங்களில் அது சூடு பிடிக்கும்; மழைக்குப் பிறகு மிஷன் பீக் மலை பச்சையாகி நிற்கும் மார்ச் மாதத்தில் தானாக அடங்கிவிடும். இப்படியே இருந்தால் முடிவு எடுக்கவே மாட்டோம் என்று தோன்றியதால், சென்ற ஆண்டு ஃப்ரீமான்ட்டில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு நிதி ஆலோசகரிடம் போனோம். அவர் காப்பீடோ முதலீட்டுத் திட்டமோ விற்பதில்லை. கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு, மாநிலம் மாறுவதைப் பற்றிய கணக்கை மூன்று அமர்வுகளில் போட்டுத் தருகிறார். எங்களுக்கு ஆன செலவு 2,100 டாலர். இதே குழப்பத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலரை அறிவேன் என்பதால், அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் அமர்வில் அவர் கேட்ட முதல் கேள்வி, வீடு எந்த ஆண்டில் வாங்கியது என்பதுதான். 2001-இல் 4,30,000 டாலருக்கு வாங்கினோம். இன்று அது சுமார் 17 லட்சத்துக்குப் போகும். ஆனால் 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவின்படி, அடிப்படைச் சொத்து வரி விகிதம் 1 சதவீதம். வரிக்கான மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. உள்ளூர்க் கட்டணங்களையும் சேர்த்து நாங்கள் கட்டுவது சுமார் 8,000 டாலர். எங்கள் வீட்டைப் போலவே கட்டப்பட்ட பக்கத்து வீட்டை 2022-இல் வாங்கியவர்கள் 19,000 டாலருக்கு மேல் கட்டுகிறார்கள். மறுபுறம், டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கு அருகே சீடர் பார்க்கில் நாங்கள் பார்த்துவைத்திருந்த வீட்டின் விலை ஆறரை லட்சம் டாலர்தான் என்றாலும், அதன் சொத்து வரி, குடியிருப்போருக்கான விலக்கைக் கழித்த பிறகும் 12,000 டாலரைத் தொடுகிறது. விலை பாதிக்கும் குறைவாக இருக்கும் வீட்டுக்கு வரி ஒன்றரை மடங்கு என்பதை அவர் ஒரு தாளில் எழுதி எங்கள் பக்கம் திருப்பி வைத்தபோது, டெக்சாஸில் வரியே கிடையாது என்று ஆறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பது உண்மைதான். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுதோறும் சுமார் 21,000 டாலர் வருமான வரி செலுத்துகிறோம். அதிலிருந்து கூடுதல் சொத்து வரியையும், ஆலங்கட்டி மழை காரணமாக அங்கே அதிகமாக இருக்கும் வீட்டுக் காப்பீட்டையும் கழித்தால் மிஞ்சுவது 14,000 டாலர் அளவுதான். என் கணவர் வேலை பார்க்கும் நிறுவனமோ, ஊர் மாறினால் சம்பளத்தை அந்த ஊருக்குத் தக்கபடி குறைப்பதாக எழுத்தில் சொல்லியிருக்கிறது. அந்தக் குறைப்பு 19,000 டாலர். ஆகவே, வேலையில் இருக்கும்வரை வரிக்காக மட்டும் கிளம்புவதில் எங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. இதை இவ்வளவு தெளிவாக ஒருவர் சொல்லக் கேட்டதற்கே அந்தக் கட்டணம் தகும் என்று நினைக்கிறேன்.

அடுத்து அவர் பங்குகளுக்கு வந்தார். நிறுவனம் கொடுத்திருக்கும் பங்குகள் நாம் வெளியேறிய பிறகு கைக்கு வந்தாலும், ஒதுக்கப்பட்ட நாளுக்கும் கைக்கு வந்த நாளுக்கும் இடையே கலிஃபோர்னியாவில் வேலை செய்த நாட்களின் விகிதத்துக்கு இந்த மாநிலம் வரி கேட்கும். வீட்டை எப்போது விற்றாலும் அப்படியே. ஊரைவிட்டுப் போய் ஓராண்டு கழித்து விற்றாலும் அந்த ஆதாயம் கலிஃபோர்னியாவில் விளைந்ததுதான். ஆனால் ஓய்வூதியச் சேமிப்பு அப்படியல்ல. 1996-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, வெளியேறிவிட்டவரின் ஓய்வூதிய வருமானத்தின் மீது பழைய மாநிலம் வரி விதிப்பதைத் தடுக்கிறது. கிளம்புவதாக இருந்தால் 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கிளம்பிய பிறகே பணம் எடுங்கள் என்று அவர் சொன்னது இதனால்தான். எனக்கு இது முற்றிலும் புதிய செய்தி.

இரண்டாவது அமர்வு முழுவதும் வீட்டைப் பற்றியே நடந்தது. தம்பதியருக்கு 5 லட்சம் டாலர் வரை ஆதாயத்துக்குக் கூட்டாட்சி விலக்கு உண்டு. அதைக் கழித்து, விற்பனைச் செலவையும் இரண்டு அரசுகளின் வரியையும் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சம் போனாலும், டெக்சாஸ் வீட்டை ரொக்கமாக வாங்கிய பிறகு ஏழரை லட்சம் டாலர் கையில் நிற்கும். கிளம்புவதற்கு எங்களுக்கு இருக்கும் ஒரே வலுவான காரணம் இதுதான்: என் கணவர் 65 வயது வரை காத்திராமல் 58 வயதிலேயே வேலையை விடலாம். எங்கள் ஆசையின் உண்மையான பெயர் ஓய்வு என்பதையும், இத்தனை நாள் அதற்கு நாங்கள் வரி என்று பெயர் வைத்திருந்தோம் என்பதையும் அந்த அறையில்தான் ஒப்புக்கொண்டோம்.

நாங்கள் யோசித்தே பார்க்காத மூன்றாவது வழி ஒன்றையும் அவர் காட்டினார். 2020-இல் நிறைவேறிய 19-ஆம் முன்மொழிவின்படி, 55 வயது நிரம்பியவர்கள் வீட்டை விற்று மாநிலத்துக்குள்ளேயே வேறு வீடு வாங்கினால், பழைய வீட்டின் வரி மதிப்பைத் தங்களோடு எடுத்துச் செல்லலாம். ஃபோல்சம் பக்கம் எட்டரை லட்சத்துக்கு வீடு வாங்கினால் எங்கள் 2001-ஆம் ஆண்டு மதிப்பும் கூடவே வரும். லிவர்மோர் சிவா விஷ்ணு கோவில் இரண்டு மணி நேரப் பயணமாகிவிடும் என்றாலும், என் மாமியாரால் மாதம் ஒரு முறை போய்வர முடியும்.

மகளின் படிப்பு விஷயத்தில் அவர் எங்களைப் பெரிய தவறிலிருந்து காப்பாற்றினார். அவள் இப்போது பத்தாம் வகுப்பு. வெளிமாநில மாணவர்களிடம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாக வாங்குகிறது. 2001-இல் வந்த ஏ.பி. 540 என்ற சட்டத்தின்படி, இங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்து, இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் கிடையாது. அடுத்த கோடையில் கிளம்பியிருந்தால் அதை இழந்திருப்போம். அவள் பள்ளியை முடிக்கும்வரை இருந்தால் இழக்க மாட்டோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் அறிக்கையில் டெக்சாஸ் சொத்து வரியை மாநிலச் சராசரியாகப் போட்டிருந்தார். புறநகர்க் குடியிருப்புகளில் குடிநீர், கழிவுநீர் வசதிக்கெனத் தனி மாவட்ட வரி உண்டு என்பதைச் சீடர் பார்க்கில் இருக்கும் என் தங்கை சொல்லித்தான் நாங்கள் சுட்டிக்காட்டினோம். அதன் பிறகே மேலே சொன்ன 12,000 வந்தது. 65 வயதுக்கு முன் வேலையை விட்டால் மருத்துவக் காப்பீட்டுக்கு என்ன செலவாகும் என்பதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. மூன்றாவது அமர்வு ஐந்து வாரம் தள்ளிப்போனது. கடைசிப் பக்கத்தில் வாழ்க்கைத் தரத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்லும் அட்டவணையால் ஒரு பயனும் இல்லை. 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் காலை பத்து மணிக்கும் வானம் செம்மஞ்சளாக இருண்டிருக்க, மகள் சன்னலோரம் நின்று பயந்ததற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் என் தங்கை வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல், பனியை உருக்கிக் கழிப்பறைக்கு ஊற்றினார்களே, அதற்கு எத்தனை?

என் மாமியார் பதினைந்து ஆண்டுகளாக ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வளர்க்கிறார். டிசம்பரில் கராஜுக்குள் சன்னலோரம் நகர்த்துவார். மார்ச்சில் வெளியே இழுத்துவைத்து, புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவார். மூன்றாவது அமர்வுக்கு வந்திருந்தவர், போனால் செடியை லாரியில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சியைத் தடுக்கும் விதிகள் கறிவேப்பிலைக்கும் பொருந்தும் என்பதால், நினைத்தபடி மாநிலம் தாண்டிக் கொண்டுபோக முடியாது என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். மாமியார், "அப்படியானால் நான் வரவில்லை, நீங்கள் போய்க்கொள்ளுங்கள்" என்றார். ஆலோசகர் சிரிக்கவில்லை. அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவர் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மகள் பள்ளியை முடிக்கும்வரை இங்கேயே இருப்பது, அதன் பிறகு ஃபோல்சமா, டெக்சாஸா என்று பார்ப்பது என முடிவெடுத்திருக்கிறோம். பழைய விலையில் வாங்கிய சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பங்களின் கணக்கு வேறு. அவர்களைக் கட்டிப்போடும் பழைய வரி மதிப்போ, விற்றால் வரும் ஆதாய வரியோ இல்லை என்பதால் அவர்களுக்கு ஓர் அமர்வே போதும்.

போகிறவர்கள் வீட்டுப் பத்திரம், சொத்து வரி ரசீது, பங்கு ஒதுக்கீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றோடு, வீட்டில் செய்த ஒவ்வொரு மராமத்துக்கும் உரிய ரசீதைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். சமையலறையைப் புதுப்பித்தது போன்ற செலவுகளை அடக்க விலையில் சேர்த்தால் ஆதாய வரி குறையும். 2009-இல் கூரை மாற்றியதற்கான ரசீது எங்களிடம் இல்லாததால், அந்தத் தொகையை அவர் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.