சிறுநீர் டெஸ்டுக்கு முன்னால் மாத்திரை கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

எங்க அக்கா மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு இடத்தில் மாற்று மருத்துவத்தில் குணமாக்குவதாகச் சொல்லி, முதல் வேலையாக ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் பிடித்த சிறுநீரை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் பாதரசத்துக்கும் ஈயத்துக்கும் நீளமாகச் சிவப்புக் கோடு. அக்கா அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். ஆனால் அதே தாளில் அடியில் பொடி எழுத்தில், ஒப்பிட்டிருக்கிற அளவு மருந்து கொடுக்காமல் எடுத்த சிறுநீருக்கானது என்று போட்டிருக்கிறது! அந்த மாத்திரையோ உடம்பில் இருக்கிற உலோகத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது. எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், உங்களுக்குக் கொடுத்தாலும் அளவு கூடத்தான் காட்டும்.

அதை வைத்துத்தான் 'சுத்தம் பண்ற' மருந்தை மாசக்கணக்கில் விற்றார்கள். பால், தயிர், கோதுமை கூடாதாம். தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் தவிர வேறு எதையும் வாயில் வைக்காத பிள்ளை அவன், எலும்பும் தோலுமாகிவிட்டான். அக்கா வளையல் அடகில் இருக்கிறது.

டாக்டர்கள் ஏன் இதை எதிர்க்கிறார்கள் என்று அந்த இடத்தில் மருந்து கொடுப்பவரிடம் கேட்டேன். "அவங்கள்லாம் மருந்துக் கம்பெனி ஆளுங்க அண்ணாச்சி" என்றார். ஆட்டிசத்தைக் குணமாக்க மாத்திரையே கிடையாது, பேச்சுப் பயிற்சியும் மற்ற பயிற்சிகளும்தான் என்று சொல்வதே அந்த டாக்டர்கள்தானே, இதில் கம்பெனிக்கு என்ன லாபம்? 2005-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இதே உலோகம் நீக்கும் சிகிச்சையை ஊசியில் ஏற்றியபோது, ரத்தத்தில் கால்சியம் இறங்கி, இதயம் நின்று ஐந்து வயசுப் பையன் ஒருவன் செத்துப்போனான். 2008-ல் அங்கே அரசு ஆராய்ச்சி நிறுவனமே பிள்ளைகளிடம் இதைச் சோதிக்கிற திட்டத்தைக் கைவிட்டது.

இன்னொன்று. செக்ரெட்டின் என்ற ஊசி போட்டால் பிள்ளை பேசும் என்று 1998 வாக்கில் அங்கே பெற்றோர் அலைமோதினார்கள். 1999-ல் வெளியான ஆய்வில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முன்னேற்றம். பிள்ளைகள் தாமாகவும் வளர்கிறார்கள், நாமும் ஆசையோடு பார்க்கிறோம். அதனால்தான் ஒப்பிட்டுக் காட்டு என்று டாக்டர்கள் கேட்கிறார்கள். 'எங்களுக்குக் குணமாச்சு' என்று நாலு வீடியோ காட்டினால் அது போதாது.

ஓபியில் ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிற டாக்டர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்த ரெண்டு நிமிஷத்தால்தான் அக்கா, ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசுகிற இடத்தை நம்பினாள்.

ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள். ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது, சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கலாம். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, ரிப்போர்ட், மருந்து டப்பா எதையும் தூரப் போடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் நாங்கள் மனு கொடுக்கப்போகிறோம், சேர்ந்து வருகிறவர்கள் சொல்லுங்கள்.